இருநூற்றுப் பதின்மூன்று

காலை ஆறு பத்து.
காயான்கேணியில் மேல்நீர்
முப்பத்தொன்று தசம் நாலு பாகை.
பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுகிறேன்.
பேனை நீருக்குள் எழுதாது.
என் வேலையைப் பற்றி வீட்டில் கேட்டால்
சொல்வதற்குச் சுவையான செய்தி இவ்வளவுதான்.

ஓட்டமாவடியில் இஸ்ஸதீன்
கேற்றும் ஜன்னல் கிறிலும் ஒட்டுகிறவர்.
இரும்புச் சட்டங்களை அவரிடம்தான் கொடுத்தோம்.
"கடலுக்குள்ள கள்ளன் இரிக்கானா,
என்னத்துக்கு கிறில்?" என்றவர்
கைப்பழக்கத்தில் சட்டத்தின் மூலைக்கு மூலை
ஓர் இரும்புப் பூ வைத்துவிட்டார்.
வரைபடத்தில் பூ இல்லை.
வெட்டச் சொல்ல மனம் வரவில்லை.
இரண்டு பாகம் ஆழத்தில்
யார் வீட்டு ஜன்னலோ என்று
கிளிமீன் குஞ்சுகள் எட்டிப் பார்த்துப் போகின்றன.

அருமைத்துரை
அலவாங்கோடு இறங்கிய பார் இது,
சூளைக்குக் கல் உடைத்த காலத்தில்.
அதை மறைப்பதில்லை. வருந்திப் பேசுவதுமில்லை.
"அப்ப கிலோவுக்குக் காசு. இப்ப நாள் சம்பளம்."
எந்தக் கொம்பு எந்தக் கணுவில்
நோகாமல் முறியும் என்று
என் பட்டத்துக்குத் தெரியாது,
அவர் பெருவிரலுக்குத் தெரியும்.
நங்கூரம் இடறி மணலில் உருண்டு கிடந்தவற்றைப்
பொறுக்கித் தங்கூசியால் கட்டினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

சங்கக் கூட்டத்தில்
கணக்கெழுதும் மேகலாதேவி,
விரலில் கருவாட்டு வாசம்,
"வருசத்துக்கு எவ்வளவு வளரும் மிஸ்?"
"நல்ல இனமென்றால் ஒரு விரல் நீளம்."
தன் விரலைப் பார்த்தாள்.
"செவ்வாய்க்குச் செவ்வாய் லோன்காரன் வாறான்.
அவனுக்கு இந்த விரலையா காட்டுற?"
கூட்டம் சிரித்தது. பதில் இல்லாமல் நானும்.

அடுத்த மாதம்
பாரின் மேல் நங்கூரம் போட்ட முதல் வள்ளத்துக்கு
ஆயிரத்தைந்நூறு தண்டம் எழுதினாள்.
வள்ளம் அவள் தம்பியுடையது.
பற்றுச்சீட்டை
சோற்றுக் கோப்பைக்குக் கீழே வைத்தாளாம்.

வைகாசியில் காற்று விழுந்தது.
கடல் எண்ணெய் போலக் கிடந்தது.
மேலே வந்த அருமைத்துரை
வள்ள விளிம்பைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டார்.
"வெள்ளை அடிச்சுக் கிடக்கு, மிஸ்."

இறங்கினேன்.
வெளிறல் என்று நாங்கள் எழுதுவது.
சாவு இல்லை, இன்னும்.
உள்ளே குடியிருந்து சமைத்துப் போட்ட பாசி
சூடு தாங்காமல் வெளியேற
எலும்பு தெரியும் பசி.
அழகாகவும் இருந்தது, சொல்லத்தான் வேண்டும்.
கலியாண வீடு போல ஒரே வெளிச்சம்.

ஆவணியில் எண்ணினோம்.
உயிரோடு அறுபத்தொன்று.
மற்றவற்றின் மேல் பாசம் படர்ந்திருந்தது.
நிதி தந்தவர்களின் படிவம்
தப்பியதைச் சதவீதமாகக் கேட்டது:
இருபத்தெட்டு தசம் எட்டு.
அருமைத்துரை கேட்டது
எத்தனை சட்டம் காலி,
எவ்வளவு தங்கூசி மிச்சம்.

மாரிக்கு முன் கல்லடி வீட்டுக்குப் போனேன்.
பின்சுவரில் சாந்து ஒரு பாய் அளவுக்குக்
கழன்று விழுந்திருந்தது.
உள்ளே செங்கல் இல்லை.
வளைந்து வளைந்து ஓடும் வரிகளோடு மூளைக்கல்,
பக்கத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாய் இன்னொன்று.
அப்பா கட்டியபோது நான் பிறக்கவில்லை.
ஆனால் இந்தச் சுவரில் சாய்ந்துதான்
உயிரியல் பாடமாக்கினேன்.
தைக்குத் தை இதற்கு
வெள்ளையடித்ததும் நான்தான்.

பையில் பென்சில் கிடந்தது.
"சுவரில என்ன கிறுக்குறாய்?"
குசினிக்குள்ளிருந்து அம்மா.
"கணக்கில ஒண்டு விடுபட்டுப் போச்சு."
213 என்று எழுதித்
திகதியும் இட்டேன்.
வெப்பநிலைக்கு
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.